இறால் ரத்த அணுக்களும் பாக்டீரியா நஞ்சும்: கேள்வி பதில்

மலர்: இறாலுக்கு ஆன்டிபாடியே கிடையாது. அப்புறம் எண்டோடாக்சினை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கிராம் நெகட்டிவ் என்ற வகை பாக்டீரியாவின் வெளிச்சவ்வில், கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த லிப்போபாலிசாக்கரைடு என்ற மூலக்கூறு இருக்கும். அந்த நஞ்சுதான் எண்டோடாக்சின். இறால் உடலில் அதைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் உண்டு. ரத்த அணுக்களின் எதிர்வினையை இறாலின் உறவான கிரேஃபிஷில்தான் விவரமாகப் பார்த்திருக்கிறார்கள். முதலில் உணர்ச்சிவசப்படுவது உள்ளே துகள் குறைவாக உள்ள அணுக்கள். அவை துகள்களை வெளியே கொட்டும். அதில் வரும் பெராக்சினெக்டின் என்ற புரதம் துகள் நிறைந்த அணுக்களையும் கொட்ட வைக்கும். கூடவே வரும் புரோஃபீனால்ஆக்சிடேஸ் என்ற செயலற்ற நொதி செயலுக்கு வந்தால் மெலனின் உருவாகிக் கருக்கும். இந்த வினையின் இடைப்பொருட்கள் இறாலையே தாக்கக்கூடியவை. அதனால் ரத்தத்தில் தடுப்பான்களும் இருக்கின்றன.

உறைவுத்தடுப்பான் இல்லாமல் ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் வைத்தால் கண்ணெதிரே நடக்கும்: உருண்டை அணு தட்டையாகப் பரவும், மினுங்கும் துகள்கள் ஒவ்வொன்றாக மறையும்.

ஒரு எச்சரிக்கை. ஆட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவிக் கலன், பாக்டீரியாவைக் கொல்லும், எண்டோடாக்சினை விட்டுவைக்கும். மிஞ்சும் எண்டோடாக்சினே உங்கள் சோதனையைக் கெடுக்கும். கண்ணாடிச் சாமானை 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரமாவது வையுங்கள்.

கண்ணன்: குதிரைலாட நண்டின் ரத்தத்தில்தானே மருந்துகளைச் சோதிக்கிறார்கள்?

ஆமாம், ஆனால் அது நண்டே இல்லை, சிலந்தியின் உறவு. எண்டோடாக்சின் பட்டால் அதன் ரத்தம் உறையும். அந்த உறைவுமுறையை லெவின், பாங்க் என்ற ஆய்வாளர்கள் 1964இல் விளக்கினார்கள். இறாலின் உறைவு வேறு வழி. அங்கே டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதிதான் முக்கிய ஆள்.

சேகர்: என் சோதனையில் இறாலுக்கு எண்டோடாக்சின் ஊசி போட்ட சில மணி நேரத்தில் ரத்த அணு எண்ணிக்கை சரிந்துவிட்டது. நஞ்சு அணுக்களைக் கொல்கிறது என்று எழுதலாமா?

வேண்டாம். ரத்த ஓட்டத்தில் குறைந்தது என்று மட்டும் எழுதுங்கள். அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி முடிச்சாகிச் செவுளில் போய்ச் சிக்கும். ஊசியில் எடுக்கும் ரத்தத்தில் அவை வராது.

சேகர்: இறந்த அணுவில் ஏறும் டிரிபான் நீலச் சாயம் நிறையவே ஏறியதே!

சிரிஞ்சில் உறைவுத்தடுப்பானை முன்பே நிரப்பினீர்களா? இல்லையென்றால் நீங்கள் பார்த்தது சிரிஞ்சுக்குள் நடந்த சாவு. வெறும் சலைன் போட்ட இறாலில் எத்தனை சாயம் ஏறியது? அதைச் சொல்லாமல் இந்த வாதம் நகராது.

ரேவதி: சேகர் பக்கமும் நியாயம் உண்டு. துகள் கொட்டிய அணு சிதையும்தானே?

சிதையும், மறுக்கவில்லை. ஆனால் சிதைந்தது எவ்வளவு, சிக்கியது எவ்வளவு என்பதை ரத்த எண்ணிக்கை பிரித்துக் காட்டாது. செவுளைத் திசு வெட்டி ஸ்லைடு போட்டால் ஓரளவு தெரியும்.

பாலா: பிர்ஏ, பிர்பி நஞ்சுகளும் இப்படித்தானா?

இல்லை. அவை புரதங்கள், விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் ஒரு பிளாஸ்மிடில் சுமப்பவை. முதலில் அடிவாங்குவது இறாலின் செரிமான உறுப்பான கல்லீரல்கணையம். அதைத் தனியாகப் பேச வேண்டும்.

நித்யா: சலைனை ஆட்டோகிளேவ் செய்தால் போதுமா?

மலருக்குச் சொன்னதைப் படியுங்கள். எண்டோடாக்சின் நீக்கிய சலைனை வாங்குங்கள்.

தினேஷ்: வடிகட்டிய நீரில் சலைன் கலக்கினால்?

சாதாரண வடிகட்டி பாக்டீரியாவைத்தான் பிடிக்கும். எண்டோடாக்சின் கடந்து போய்விடும். இந்தக் கேள்விக்கு இனி பதில் கிடையாது.

மணி: என் தொட்டியில் இறால் சாகிறது, என்ன மருந்து?

நீர்வாழ் உயிரின மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

சேகர்: சலைன் போட்ட இறாலிலும் எண்ணிக்கை குறைந்திருக்கிறது.

அப்படியானால் முதலில் உங்கள் சலைனில் எண்டோடாக்சின் இருக்கிறதா என்று சோதியுங்கள்.