எக்ஸாட்டிகா: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: எக்ஸாட்டிகான்னா ஹவாய் நாட்டுப்புற இசையா சார்?

இல்லைங்க. நியூயார்க்கில் பிறந்த மார்ட்டின் டென்னி என்ற பியானோக்காரர் ஹொனலுலு ஓட்டல் பாரில் வாசித்த ஜாஸ் அது. மேடைக்குப் பக்கத்திலேயே குளம். பாட்டு ஆரம்பித்தால் தவளைகளும் கத்தும், நிறுத்தினால் அடங்கிவிடும். குழுவினர் வேடிக்கைக்காகப் பறவை மாதிரி கூவிப் பார்த்தார்கள். மறுநாள் ஒரு வாடிக்கையாளர் 'அந்தப் பறவை, தவளைப் பாட்டு' வேண்டும் என்று கேட்க, அதுவே அடையாளமாகிவிட்டது. 1957-இல் 'எக்ஸாட்டிகா' ஆல்பம் வந்தது.

கேள்வி: பறவைக் குரலெல்லாம் டேப்பில் பதிந்ததா?

ஆகி கொலோன் என்ற தாளக்கருவிக் கலைஞரின் தொண்டைதான். தவளைக்கு, வரிவரியாகக் கீறிய சுரைக் குடுக்கையை மைக் அருகே வைத்துக் குச்சியால் தேய்ப்பார் டென்னி.

கேள்வி: அண்ணா, இதுக்கும் எலக்ட்ரானிக் பேண்டுகளுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தமே இருக்கு தம்பி. 1978-இல் ஜப்பானிய இசைக்கலைஞர் ஹருவோமி ஹொசோனோ, ரியூச்சி சகாமோட்டோவையும் யுகிஹிரோ தகாஹாஷியையும் வீட்டுக்கு அழைத்து ஒரு திட்டம் சொன்னார்: டென்னியின் 'ஃபயர்கிராக்கர்' பாட்டை சிந்தசைசரில் (மின்சாரத்தில் ஒலியை உருவாக்கும் கருவி) டிஸ்கோவாக்கி, உலகம் முழுக்க 40 லட்சம் பிரதி விற்கணும். யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா என்ற அவர்களின் எலக்ட்ரானிக் பேண்டு பிறந்த கதை இதுதான். ஆசியா இப்படித்தான் இருக்கும் என்று ஒரு அமெரிக்கர் கற்பனையில் போட்ட மெட்டை, டோக்கியோக்காரர்கள் சீக்வென்சரில் (ஸ்வரங்களைத் தானாக வரிசையாக வாசிக்க வைக்கும் கருவி) ஏற்றி அமெரிக்கர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். எனக்கு இந்தக் குறும்பு ரொம்பப் பிடிக்கும். 1980-இல் அந்தப் பாட்டு பிரிட்டன் டாப் 20-க்குள் நுழைந்தது. பிறகு நியூயார்க் ஹிப்ஹாப் டிஜேக்களும் எடுத்தாண்டார்கள்.

கேள்வி: த்ராபிங் கிரிஸில்னு அந்த பிரிட்டன் பேண்டு, காதைக் கிழிக்கிற கூட்டமாச்சே, அவங்களுமா?

அவர்களேதான்! 1979 ஆல்பத்தில் ஒரு பாட்டின் பெயரே 'எக்ஸாட்டிகா'. 1981 தொகுப்பின் அட்டை டென்னி அட்டைகளின் பாணியில் செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது மெட்டை அல்ல, அந்த இனிப்பான பாவனையை. 79 ஆல்பத்தின் அட்டையில் பூக்கள் நடுவே சிரித்தபடி நிற்பார்கள்; நிற்கிற இடம் தற்கொலைகளுக்குப் பேர்போன, இங்கிலாந்தின் பீச்சி ஹெட் பாறை முனை.

கேள்வி: அடுத்தவன் பண்பாட்டைக் கேலிப்பொருளாக்குற இசையை ஏன் கொண்டாடணும்?

நியாயமான கோபம். ஆல்பங்களின் பெயர்களும் அட்டைப்படங்களும் பல இடங்களில் கூசவே வைக்கின்றன. ஆனால் இல்லாத ஊர் ஒன்றை ஸ்டுடியோவில் ஒலியாலேயே கட்டி எழுப்பும் வேலை இங்கே தெளிவாகத் தெரிகிறது. சோதனைப் பேண்டுகளுக்கு வேண்டியதும் அதுதான்.

கேள்வி: டென்னி சிந்தசைசரைத் தொட்டாரா?

1969-இல் 'எக்ஸாடிக் மூக்' போட்டார். சுமார் ரகம்.

கேள்வி: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

'எக்ஸாட்டிகா' ஆல்பத்தின் 1957 மோனோ பதிவைத் தேடுங்க. அதில்தான் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) வாசித்தவர் ஆர்தர் லைமன். அடுத்த ஆண்டு ஸ்டீரியோவுக்காகத் திரும்பப் பதிந்தபோது அவர் தனியே போய்விட்டார். அடுத்து ஹொசோனோவின் 'பரைசோ' ஆல்பம். ஹெட்போனில் கேளுங்க.