சுவரோர அலமாரிக்கு எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: பாட்டு கேட்பதற்காக ஒரு ஜோடி பேசிவ் (உள்ளே ஆம்ப்ளிஃபயர் இல்லாத) புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்க இருக்கிறேன். தேடித் தேடிக் கடைசியில் இரண்டு மாடல்களில் வந்து நிற்கிறேன். சிறியது: 5 அங்குல வூஃபர் (கீழ்ஸ்தாயி ஒலி தரும் பெரிய கூம்பு), மூடிய பெட்டி, 84 டெசிபல், 8 ஓம், 70 ஹெர்ட்ஸில் −3 டெசிபல். பெரியது: 6.5 அங்குல வூஃபர், பின்புறம் காற்றுத்துளை, 88 டெசிபல், 4 ஓம், 45 ஹெர்ட்ஸில் −6 டெசிபல். இரண்டின் டெசிபல் அளவும் 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டரில் எடுத்தது. என் ஆம்ப்ளிஃபயர் 8 ஓமில் 40 வாட் தரும்; அதன் முதுகில் ‘6–16 ஓம்’ என்று போட்டிருக்கிறது. அறை 4 மீட்டருக்கு 3 மீட்டர். சுவரை ஒட்டிய புத்தக அலமாரியைத் தவிர வைக்க வேறு இடம் கிடையாது. நண்பர் வீட்டுக் கூடத்தில் இரண்டையும் ஸ்டாண்டில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டபோது பெரியதுதான் தெளிவாகவும் உயிரோட்டமாகவும் இருந்தது. எதை வாங்கலாம்?

பதில்: சிறியதை வாங்குங்கள். நண்பர் வீட்டில் பெரியது உங்களைக் கவர்ந்ததற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஆனால் அந்தக் காரணங்களில் பெரும்பாலானவை அதை உங்கள் அறைக்கு எடுத்து வரும்போது கூடவே வராது.

முதலில் அந்த 84, 88 என்ற எண்களைப் பார்ப்போம். ஒரே வோல்ட்டுக்கு எது எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்று சொல்பவை அவை. ஆம்ப்ளிஃபயரின் ஒலியளவுக் குமிழ் தீர்மானிப்பது வோல்ட்டைத்தான். அதைத் தொடாமல் கம்பியை மட்டும் மாற்றினால் பெரிய ஸ்பீக்கர் 4 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். இந்த வேறுபாட்டை நம் காது எப்போதும் ‘சத்தம் அதிகம்’ என்று எடுத்துக்கொள்வதில்லை. தெளிவு, ஆழம், உயிர்ப்பு என்றே எடுத்துக்கொள்கிறது. ஒலியளவு ஏறும்போது கீழ்ஸ்தாயி ஒலிகள் நம் காதில் மற்றவற்றைவிட வேகமாக எழும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஒரே ஒரு டெசிபல் கூடினாலே தீர்ப்பு சாய்ந்துவிடலாம். நீங்கள் ஒப்பிட்டதோ நான்கு டெசிபல் இடைவெளியில்.

இதைச் சரிசெய்வது எளிது. ‘பிங்க் நாய்ஸ்’ எனப்படும் சீரான இரைச்சலை ஓடவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் கைபேசியை வைத்து, ஒலி அளக்கும் செயலியில் எண்ணைப் பாருங்கள். செயலி காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் அதே எண் வந்தால் போதும். குமிழைச் சுற்றி ஒரு காகித நாடாவை ஒட்டி, இரண்டு இடங்களையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் வேறொருவர் மாற்றட்டும். ஒலியியல் ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-ல் இதைச் சோதித்தார்கள்: எந்த ஸ்பீக்கர் என்று தெரிந்து கேட்டபோது கேட்பவர்கள் தந்த மதிப்பெண்கள், தெரியாமல் கேட்டபோது தந்தவற்றிலிருந்து மாறிவிட்டன. பழகிய காதும் இதற்கு விலக்கல்ல.

அந்த 88-க்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஓம் என்பது மின்தடை; அது குறைந்தால் ஸ்பீக்கர் அதிக மின்சாரம் இழுக்கும். 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் 1 வாட். 4 ஓமில் 2 வாட். அதாவது பெரிய ஸ்பீக்கர் இரண்டு மடங்கு மின்சாரத்தை வாங்கிக்கொண்டுதான் 88-ஐத் தருகிறது. ஒரே வாட்டுக்குக் கணக்கிட்டால் அது 85. சிறியதைவிட ஒரு டெசிபல்தான் கூடுதல். அந்த இரட்டிப்புச் சுமை விழுவதோ, 6 ஓமுக்குக் கீழே போகாதே என்று எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபயர் மீது. மெல்லிய ஒலியில் ஓடிவிடும். ஒலியைக் கூட்டி நெடுநேரம் கேட்டால் சூடேறும், பாதுகாப்புச் சுற்று இருந்தால் இடையில் நின்றுவிடும். என் வீட்டில் அந்தச் சுமையை நான் அதன் மீது ஏற்ற மாட்டேன்.

84 டெசிபல் போதுமா என்ற கவலை உங்களுக்கு வரலாம். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், ஜோடி ஸ்பீக்கருக்குத் தலா 1 வாட் கொடுக்கும்போது ஏறக்குறைய 80 டெசிபல் உங்கள் காதுக்கு வரும். வீட்டில் நிறைவாகக் கேட்பது 70 முதல் 75 வரைதான். சராசரி 72 என்று வைத்துக்கொண்டால் ஒரு வாட்டில் ஆறில் ஒரு பங்கு போதும். திடீரென்று 20 டெசிபல் எழும் உச்சத்துக்கு அதைப்போல நூறு மடங்கு, அதாவது 16 வாட் வேண்டும். உங்களிடம் 40 இருக்கிறது. 1970-களில் பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற சிறு மானிட்டர் ஸ்பீக்கரும் மூடிய பெட்டிதான். அதன் திறன் இந்த 84-ஐ விடவும் குறைவு. மனிதக் குரலை அது தரும் விதத்துக்காக இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

அடுத்தது 70 ஹெர்ட்ஸா, 45 ஹெர்ட்ஸா என்பது. இரண்டும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல. ஒன்று ஒலி 3 டெசிபல் குறையும் இடம், மற்றது 6 டெசிபல் குறையும் இடம். மூடிய பெட்டியில் கீழ்ஸ்தாயி மெல்லத்தான் இறங்கும், ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 12 டெசிபல் வீதம். காற்றுத்துளைப் பெட்டியில் 24 டெசிபல் வீதம் சரிந்துவிடும். உங்கள் சிறிய ஸ்பீக்கர் வழக்கமான வடிவமைப்பாக இருந்தால் அதன் −6 டெசிபல் புள்ளி சுமார் 53 ஹெர்ட்ஸில் இருக்கும். காகிதத்தில் 25 ஹெர்ட்ஸாகத் தெரிந்த இடைவெளி உண்மையில் எட்டுதான். ஆனால் பெரிய வூஃபர் தள்ளும் காற்று அதிகம் என்பதை மறுக்க முடியாது. உரக்கக் கேட்கும்போது கீழ்ஸ்தாயியில் அது திணறாது, சிறியது திணறும்.

இனி அலமாரிக்கு வருகிறேன். என் முடிவு முக்கியமாக இதில்தான் நிற்கிறது.

ஸ்பீக்கரின் கீழ்ஸ்தாயி ஒலி முன்னால் மட்டும் போவதில்லை, பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவுகிறது. சுவர் அருகே இருந்தால் பின்னால் போனது திரும்பி வந்து முன்னால் போவதோடு சேர்ந்துகொள்ளும். ஒரு சுவரால் மட்டும் 6 டெசிபல் வரை கூடலாம். நண்பர் வீட்டில் ஸ்பீக்கர்கள் கூடத்தில் ஸ்டாண்டில் நின்றன; அங்கே பெரியதன் கீழ்ஸ்தாயி அளவாக இருந்திருக்கும். அதையே அலமாரிக்குள் தள்ளினால் ஏற்கெனவே நிறைவாக இருப்பதன் மேல் சுவரின் பங்கும் ஏறும். பின்புறத் துளை ஊதும் காற்று வேறு அடைப்புக்குள் சிக்கும். சிறியதற்கு இதே சுவர் துணையாக இருக்கும்: மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும் கீழ்ஸ்தாயியைத் தாங்கிப் பிடித்து மேலே தூக்கிவிடும்.

அறைக்கும் சொந்தக் குரல் உண்டு. 4 மீட்டர் நீளம் சுமார் 43 ஹெர்ட்ஸிலும், 3 மீட்டர் அகலம் 57 ஹெர்ட்ஸிலும் அதிர்ந்து எழும். 57 பெரிய ஸ்பீக்கர் வலுவாக ஒலிக்கும் எல்லைக்குள்ளும், 43 அதன் விளிம்பிலும் விழுகின்றன. துளையைப் பஞ்சால் அடைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். அடைக்கலாம்தான்; எதற்காகப் பெரியதை வாங்கினீர்களோ அதையும் சேர்த்தே அடைத்துவிடுவீர்கள்.

அலமாரியில் வைக்கும்போது ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்போடு சமமாகவோ ஒரு விரல் அளவு முன்னாலோ இருக்கட்டும். உள்ளே தள்ளி வைத்தால் தட்டின் மேலும் கீழும் பட்டுத் தெறிக்கும் ஒலி குரலைக் கெடுத்துவிடும். இருபுறமும் புத்தகங்களை நெருக்கமாக அடுக்குங்கள். அடியில் மெல்லிய ரப்பர் துண்டுகள் வைத்தால் பலகை அதிராது. ட்வீட்டர் (மேல்ஸ்தாயி ஒலி தரும் சிறு பகுதி) நீங்கள் உட்காரும்போது காது உயரத்துக்கு வர வேண்டும். மூலைக்குப் பக்கத்துத் தட்டு வேண்டவே வேண்டாம். நீங்களும் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்காராமல் கொஞ்சம் முன்னால் வாருங்கள்.

கம்பியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 3 மீட்டருக்குத் தாராளமாகப் போதும். கவனிக்க வேண்டியது சிவப்பும் கறுப்பும்தான். ஒரு முறை நான் ஒரு நல்ல ஜோடியை இரண்டு நாள் கேட்டுவிட்டு, கீழ்ஸ்தாயியே இல்லை என்று ஒதுக்கி வைத்தேன். மூன்றாம் நாள் கம்பியைக் கழற்றும்போதுதான் இடப்பக்கத்தில் இரண்டு முனைகளையும் மாற்றிச் சொருகியிருந்ததைப் பார்த்தேன். ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து எந்த ஸ்பீக்கரையும் முதலில் ஒற்றைக் குரலைப் போட்டுத்தான் சோதிக்கிறேன். குரல் இரண்டுக்கும் நட்ட நடுவில் ஓர் ஆள் நிற்பதைப் போல வர வேண்டும். எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாமல் அறை முழுக்கக் கரைந்திருந்தால் கம்பியைப் பாருங்கள்.

அதற்கடுத்து ஆண் குரலில் செய்தி வாசிப்பு. பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதைப் போலக் கேட்டால் சுவர் தன் வேலையைக் காட்டுகிறது என்று பொருள். பிறகு தம்புரா: தந்திக்கடியில் செருகும் நூல் சரியாக அமைந்து ஜீவாளி பேசும்போது ஒரு தந்தியிலிருந்து அடுக்கடுக்காக எழும் மேல் ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்கின்றனவா, இல்லை ஒரே ரீங்காரமாக மங்கிவிடுகின்றனவா என்று கவனியுங்கள். கடைசியாக மிருதங்கம். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) விழும் கும்கி, அழுத்தத்துக்கு ஏற்ப வழுக்கி ஏறி இறங்கும் ஒலி. எல்லாக் கும்கியும் ஒரே சுருதியில் ‘பூம்’ என்று வந்தால் நீங்கள் கேட்பது மிருதங்கத்தை அல்ல, அறையை. பெரிய ஸ்பீக்கரை இரவல் வாங்க முடிந்தால் இந்த ஒன்றை மட்டும் உங்கள் அலமாரியில் வைத்துக் கேட்டுப்பாருங்கள்.

என் பதில் மாறுவதற்கு இரண்டும் ஒருசேர நடக்க வேண்டும்: ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் அளவுக்கு இழுத்து ஸ்டாண்டில் வைக்க இடம் கிடைக்க வேண்டும், 4 ஓமைத் தாங்கும் ஆம்ப்ளிஃபயரும் கைக்கு வர வேண்டும். அப்போது பெரியதை வாங்குவேன். அப்படி இழுத்து வைக்கும்போது பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி எதிராக மோதி, 86 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியில் ஒரு பள்ளம் விழக்கூடும். ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.