அலுமாரிக்குள் பூட்டிய புத்தகம்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. அடுத்த வருடம் ஓ.எல். சோதனை எடுக்கிறாள். சினேகிதியிடம் ‘த ஹங்கர் கேம்ஸ்’ என்ற இங்கிலிஷ் நாவலை வாங்கிவந்து இரவிரவாக வாசிக்கிறாள். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய் ஒருவரையொருவர் கொல்ல வைக்கும் கதையாம். கேட்டதும் எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. பறித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். மூன்று நாளாக என்னோடு கதைக்கிறாள் இல்லை. நான் செய்தது பிழையா?
– ஒரு தாய், கல்லடி

பதில்: பயந்ததில் பிழையில்லை, தங்கச்சி. பூட்டியதுதான் பிழை.

என் பெறாமகள் தந்து நானும் அதை வாசித்தேன். 12 முதல் 18 வயது வரையான 24 பிள்ளைகள், மிஞ்சுவது ஒருவர். அதை நாடே தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும். இவ்வளவை மட்டும் கேட்டால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும்தான். ஆனால் கதை தொடங்குவது பசியில். கதாநாயகி கட்னிஸுக்கு 16 வயது. தகப்பன் சுரங்கத்தில் இறந்துவிட, வேலிக்கு அப்பால் களவாக வேட்டையாடித் தாயையும் தங்கையையும் பார்க்கிறாள். தானியமும் எண்ணெயும் அரசாங்கம் கொடுக்கும். வாங்க வாங்க, குலுக்கலில் அந்தப் பிள்ளையின் பெயருக்குச் சீட்டு கூடும். கட்னிஸுக்கு 20 சீட்டு. 12 வயதுத் தங்கைக்கு ஒரேயொரு சீட்டு. வருவது அந்த ஒன்று. ‘அவளுக்குப் பதிலாக நான் போகிறேன்’ என்று அக்கா முன்னால் வருகிறாள். நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற நமக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

‘பிடித்துக்கொண்டுபோய்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது மகளின் சொல்லாக இருக்காது, நம்முடைய சொல். யுத்தத்துக்கென்று இயக்கம் வீட்டுக்கொரு பிள்ளை கேட்ட நாட்களில் உங்களுக்கும் அநேகமாக அவளுடைய வயதுதான். அந்தக் கதை அவளுக்குத் தெரியுமா?

எழுதிய சுசான் கொலின்ஸ் ஓர் அமெரிக்கர். அவருக்கு ஆறு வயதாக இருந்தபோது தகப்பன் வியட்நாம் போருக்குப் போனார். ஒரு சேனலில் போட்டி நிகழ்ச்சி, அடுத்ததில் ஈராக் போர் என்று மாற்றி மாற்றிப் பார்த்த இரவில்தான் கதை தோன்றியதாம். 2008இல் வந்த புத்தகம். சாவை ருசித்து எழுதியதாக எனக்குப் படவில்லை.

சரி, இனி என்ன செய்வது? புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, முதல் அத்தியாயத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டே கேட்கலாம். தங்கையின் பெயர் வருவதோடு அது முடியும். அந்த இடத்தில், உங்கள் அம்மா உங்களை எப்படிக் காப்பாற்றினா என்று சொல்லத் தொடங்குங்கள். முழுவதும் வேண்டாம், வாய் வருமளவுக்கு.

இரவு பத்து மணிக்கு லைட்டை அணைக்கச் சொல்வது வேறு விஷயம், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தக் கதைத் தொடரின் மூன்றாம் புத்தகம் முழுக்கப் போர், குண்டு. அதைச் சோதனை முடிந்த பிறகு வாசிக்கட்டும்.

அப்புறம், அது சினேகிதியின் புத்தகம். பறித்த வேகத்தில் அட்டை கிழிந்திருந்தால் ஒட்டிக் கொடுங்கள்.