கிழவர்கள் ஏன் இருமிக்கொண்டே இருக்கிறார்கள்?

இலங்கை மலையகத்தின் அட்டனில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், இலக்கியத்தில் முதுமை பற்றிப் பல ஊர்களிலிருந்தும் வரும் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

தலவாக்கலை: சேர், முதுமையைப் பாடிய சங்கப் பாட்டுகளில் உங்களுக்குப் பிடித்தது எது?

புறநானூறு 243. ஒரு கிழவர் தன் இளமையை நினைக்கிறார். நீரில் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் மருள, ஆழ்ந்த மடுவில் ‘துடும்’ எனக் குதித்து, அடிமணலை அள்ளிவந்த இளமை. அந்த மணலைக் கவனியுங்கள். அடியைத் தொட்டதற்கு அதுதான் சாட்சி. எங்கள் தோட்டத்து லய வீடுகளின் பையன்களும் ஆற்றில் இதையேதான் செய்தார்கள். இப்போது அவர் கையில் பூண்போட்ட தடி, உடலில் நடுக்கம், இருமலுக்கு நடுவே சில சொற்கள். புலவரின் இயற்பெயர்கூடத் தெரியாது. பாட்டில் வரும் தடியைக் கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என்றார்கள். பாட்டில் உபதேசம் ஒரு வரியும் இல்லை. கதை எழுதும் பிள்ளைகளே, கிழவர் வாயில் உபதேசத்தைத் திணிக்காதீர்கள்.

பண்டாரவளை: ஔவையார் கிழவிதானே?

ஔவைகள் பலர். சங்க ஔவையைப் புறநானூறு 89ஆம் பாட்டில் ஓர் அரசன் ‘மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி’ என்கிறான். விறலி என்றால் ஆடிப் பாடும் பெண். மை தீட்டிய கண், ஒளிவிடும் நெற்றி. கிழவியா?

நானுஓயா: அம்மா ஓய்வுபெற்று ஒரு வருடம். பணிக்கொடை வரவில்லை.

என் துறையன்று, தங்கச்சி. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இருக்கிறது. சம்பளச் சீட்டுகளோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.

கொட்டகலை: ஔவை கிழவி இல்லையா?

மேலே பார்க்கவும்.

இராகலை: மலையகக் கதைகளில் முதியவர்கள் அழுதுகொண்டே இருக்கிறார்களே?

அழக் காரணம் இருந்தது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை போனது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்குப் பின் அண்ணன் கடலுக்கு அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். ஆனால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவேட்டில், பெயரை வெட்டியதும் ஆளே முடிந்துபோனதாக ஊர் நினைக்கிறது. கதையும் அப்படியே நினைக்கலாமா? என் அம்மாயி பெயர் வெட்டிய மறுவாரமே கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போனார். தராசில் நிறையைக் குறைத்தால் கூடையை எடுக்காமல் அங்கேயே நிற்பார். பின்னால் வரிசை நீளும்; அவர் வெற்றிலை மடிப்பார்.

மஸ்கெலியா: வறுமையை மறைக்கச் சொல்கிறீர்களா?

தம்பி, அந்த வயதில் மலை ஏறியதே வறுமையால்தான். வெற்றிலையையும் எழுதுங்கள் என்கிறேன்.

இராகலை: எங்கள் தாத்தா உண்மையாகவே அழுதார், சேர்.

எழுதுங்கள். அழுதுகொண்டே யாரைத் திட்டினார் என்பதையும் விடாதீர்கள்.

பதுளை: ஔவைக்கு எத்தனை வயது?

இன்னொரு ஔவைக் கேள்வி வந்தால் நான் தேநீர் குடிக்கப் போய்விடுவேன்.