போலீஸிடம் பெயர் கேட்டால் குற்றமா?

கேள்வி: இரவு வாகனச் சோதனையில் என்னை நிறுத்திய எஸ்.ஐ.யின் சட்டையில் பெயர்ப் பட்டை இல்லை. பெயர் கேட்டேன், செல்போனில் படமும் எடுத்தேன். போனைப் பிடுங்கி வீடியோவை அழித்துவிட்டு, "பணியைத் தடுத்ததாக வழக்குப் போடுவேன்" என்றார். நான் செய்தது தவறா?

பதில்: தவறே இல்லை. உரிமத்தைக் காட்டச் சொல்பவர் சீருடையில் இருக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவு. பெயர்ப் பட்டையும் சீருடையோடு சேர்ந்ததுதான். கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்த மிரட்டலுக்கு வருவோம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-வது பிரிவு (பழைய சட்டத்தில் 353) செல்லுபடியாக, நீங்கள் அவர்மீது கை வைத்திருக்க வேண்டும் அல்லது கை ஓங்கியிருக்க வேண்டும். கேள்வி கேட்பது தாக்குதல் ஆகாது. 221-வது பிரிவு (பழைய 186) வேலையை வேண்டுமென்றே மறிப்பவருக்கானது. பொதுச்சாலையில் போலீஸைப் படம் எடுக்கத் தடை எதுவும் இல்லை. ஆனாலும் நாலடி தள்ளி நின்று எடுங்கள். வாயையும் அடக்குங்கள். இத்தகைய வழக்குகளின் முதல் தகவல் அறிக்கையில் "ஆபாசமாகத் திட்டினார்" என்ற வரி எத்தனை சுலபமாக ஏறிவிடுகிறது என்பதைப் பார்த்துப் பார்த்து நொந்திருக்கிறேன். கோபத்தில் விடும் ஒரு வார்த்தை அந்த வரிக்கு உயிர் கொடுத்துவிடும்.

போனைப் பறிமுதல் செய்வதென்றால் பட்டியல் எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த நடவடிக்கையையே வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு. பிடுங்கி அழிக்க எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. இப்போதே போனின் 'நீக்கப்பட்டவை' பகுதியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான போன்களில் அழித்த வீடியோ 30 நாள் வரை அங்கே கிடக்கும்.

ஸ்டேஷனுக்கும் அழைத்துச் சென்றிருந்தால், அங்குள்ள கேமராப் பதிவைப் பாதுகாக்கும்படி உடனே எழுதிக் கொடுங்கள். 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அடித்து வதைக்கப்பட்ட சாத்தான்குளம் நிலையத்தில், பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

புகாரை மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனருக்கு, சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். இடம், நேரம், ஜீப்பின் எண், அவர் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் நினைவு மங்குமுன் எழுதிவிடுங்கள். நேரில் கொடுத்தால் மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள்.