கிராண்ட் பேயில் மலிவாகத் தங்குவது: கேள்வி பதில்

மொரீஷியஸில் இரவுக் கொண்டாட்டம் என்றாலே வடக்கே உள்ள கிராண்ட் பேதான். அங்கே கை கடிக்காமல் தங்குவது பற்றி ரீயூனியன், டர்பன், சென்னை, உள்ளூர் என்று நாலாபக்கமிருந்தும் வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

சென்னையிலிருந்து: கோவா மாதிரி தெருவுக்குத் தெரு ஹாஸ்டல் கிடைக்குமா அக்கா?

கிடைக்காது. அடுக்குக் கட்டில் போட்ட டார்மிட்டரிகளை இந்தத் தீவு முழுக்கத் தேடினாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். இங்கே மலிவு என்றால் கெஸ்ட் ஹவுஸ், இல்லாவிட்டால் ஸ்டூடியோ. வீட்டுக்காரர் கீழே குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விடுவார். ஒரே அறையில் கட்டில், சின்ன அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இருக்கும். தனியாக வருபவருக்கு டார்மிட்டரி லாபம். இரண்டு மூன்று பேராக வந்தால் ஸ்டூடியோ வாடகையைப் பங்கு போட்டுப் பாருங்கள். தலைக்கு ஏறக்குறைய அதே காசுதான் வரும், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கவும் முடியும்.

சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட அரசின் டூரிசம் ஆதாரிட்டியின் உரிமம் வேண்டும். உரிமம் உண்டா என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். விமான நிலையத்தில் தங்குமிட முகவரியும் திரும்பும் டிக்கெட்டும் கேட்பார்கள், அதனால் முன்பதிவுத் தாள் கையில் இருக்கட்டும். 2025 அக்டோபர் முதல் சுற்றுலாப் பயணிகளிடம் ஆளுக்கு ஒரு இரவுக்கு 3 யூரோ கட்டணமும் உண்டு. சொன்ன விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மலிவு அறையில் அந்த 3 யூரோ பெரிய தொகை.

ரீயூனியன், செயின்ட் டெனியிலிருந்து: கிளப்புக்கு நடந்து போகவும் வேண்டும், தூங்கவும் வேண்டும். எந்தப் பக்கம் பார்க்கலாம்?

கடலோரமாகப் போகிற ராயல் ரோடுதான் ஊரின் முதுகெலும்பு. பாரும் கிளப்பும் பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கின்றன. சாலையிலிருந்து உள்பக்கமாக 300, 400 மீட்டர் தள்ளிய சந்துகளில் தேடுங்கள். ஐந்தாறு நிமிட நடைதான், ஆனால் நடுவில் நாலு வரிசை வீடுகள் சத்தத்தை மறிக்கும். மறிக்காமல் வருவது இசையின் கனத்த பாஸ் (bass) சத்தம் மட்டும். அந்த ‘டும் டும்’ சுவரைத் தாண்டி வரும், காதில் பஞ்சு வைத்தாலும் நெஞ்சில் கேட்கும்.

நாக்கோ ஜன்னலைக் கவனியுங்கள், அதாவது சாய்வான கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய ஜன்னல். காற்றுக்கு அருமை, சத்தத்துக்குச் சல்லடை. பட்டைகளை மூடினாலும் இடுக்கு இருக்கும். அறையின் ஜன்னல் தெருவைப் பார்த்ததா, பின்கட்டைப் பார்த்ததா என்று கேளுங்கள். தெருப்பக்கம் என்றால் காலை ஐந்தரைக்கே பஸ் ஓடத் தொடங்கிவிடும். மூன்று மணிக்கு வந்து படுத்தவருக்கு இசையை விட அதுதான் தண்டனை.

மாடி அறையில் இன்னொரு வம்பு உண்டு. தட்டையான கான்கிரீட் கூரை பகல் வெயிலைக் குடித்துவிட்டு நள்ளிரவு வரை கக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை ஏசி இல்லாத மேல்மாடி வேண்டாம். ஏசியை இரவு முழுக்கப் போடலாமா, குறிப்பிட்ட மணி நேரம்தானா என்பதையும் கேளுங்கள். சில இடங்களில் தனிக் காசு.

சற்று அமைதி வேண்டுமென்றால் பக்கத்து ஊரான பெரேபேர். சுமார் 2 கிலோமீட்டர், அரை மணி நடை. குளிக்க நல்ல கடற்கரை அங்கேதான். கிராண்ட் பே விரிகுடா முழுக்கப் படகுகள். ஆனால் நடைபாதை தொடர்ச்சியாக இல்லை, தெருநாய்களும் உண்டு. இன்னும் தள்ளியுள்ள கடலோர ஊரான ட்ரூ ஓ பீஷில் அறை மலிவாக அகப்பட்டாலும், இரவு டாக்சிக்குக் கொடுப்பதில் மிச்சம் கரைந்துவிடும்.

டர்பனிலிருந்து: நாங்கள் மூன்று பெண்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எப்படித் திரும்புவது அக்கா?

இடம் தேர்வு செய்ய வேண்டியதே இந்தக் கேள்வியிலிருந்துதான். பஸ் மாலையிலேயே குறைந்துவிடும், நள்ளிரவில் கிடையாது. எனவே டாக்சி, இல்லாவிட்டால் நடை. டாக்சியில் மீட்டரை நம்ப வேண்டாம், ஏறுமுன் விலை பேசுங்கள். பகலிலேயே கெஸ்ட் ஹவுஸ்காரரிடம் “இங்கிருந்து கிளப்புக்கு இரவில் எவ்வளவு?” என்று விசாரித்து, அவர் நம்புகிற ஒரு டிரைவரின் எண்ணை வாங்கி, திரும்பும் நேரத்தையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மூன்று பேருக்கு ஒரே வண்டி என்பதால் கணக்கு அவ்வளவு மோசமில்லை.

வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: இரவில் கேட் பூட்டுவார்களா, சாவியா எண் பூட்டா, சந்தில் விளக்கு எரியுமா, பெண்களுக்குத் தனி டார்மிட்டரி உண்டா. “11 மணிக்கு மேல் வரவேற்பில் ஆள் இல்லை” என்று சொன்னால் பரவாயில்லை. “11 மணிக்குக் கேட் பூட்டப்படும்” என்றால் உங்களுக்கான இடமில்லை. இங்கே கிளப் சூடுபிடிப்பதே 11 மணிக்கு மேல்தான், அதுவும் வெள்ளி, சனிகளில்.

ரோஸ் ஹில்லிலிருந்து: மெட்ரோவில் வந்து, மீதியை வாடகைக் காரில் சமாளிக்கலாமா?

மெட்ரோவின் முக்கியத் தடம் போர்ட் லூயிக்கும் கியூர்பிப்புக்கும் இடையில்தான், வடக்கே வராது. கார் ஓட்டுபவர் குடிக்கவே கூடாது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 20 மில்லிகிராம்தான் எல்லை. உள்ளூர் பீனிக்ஸ் பீர் ஒன்றே பலரை அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடும்.

கேப் டவுனிலிருந்து: இணையத்தில் போடும் மதிப்புரைகளை எப்படிப் படிப்பது?

நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், மாதத்தைப் பாருங்கள். கடைசி ஆறு மாதத்து மதிப்புரைகளை மட்டும் எடுங்கள். மேலாளர் மாறினால் இடமே மாறிவிடும். இங்கே தங்குபவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் அதிகம், குறையை அவர்கள் மொழியில்தான் எழுதுவார்கள். ‘ப்ருயி’ (bruit) என்றால் சத்தம், ‘கஃபார்’ (cafard) கரப்பான், ‘புனேஸ்’ (punaise) மூட்டைப்பூச்சி. அந்தச் சொற்களை பிரெஞ்சு எழுத்தில் போட்டுத் தேடுங்கள். ‘புனேஸ்’ சமீபத்தில் இரண்டு முறை வந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். தண்ணீர் பற்றியும் பாருங்கள். அக்டோபர், நவம்பர் வறட்சியில் குழாய்த் தண்ணீர் சில மணி நேரம் நிற்பது உண்டு. கூரைமேல் தொட்டி இருந்தால் தப்பலாம்.

இன்னொருவர்: அறைக்குள் நுழைந்ததும் என்ன சோதிக்க வேண்டும்?

பையைக் கட்டிலில் வைக்காதீர்கள். குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, மெத்தையின் நான்கு மூலைகளையும் தூக்கி, தையலோரத்தை செல்போன் விளக்கில் பாருங்கள். மிளகை நுணுக்கித் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அப்போதே வேறு அறை கேளுங்கள், பக்கத்து அறை வேண்டாம். ஏற்கெனவே துணியில் ஏறியிருக்கும் என்ற சந்தேகம் வந்தால் 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும், குளிர்ந்த நீரில் சாகாது.

லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. மெல்லிய வளையமுள்ள சிறு பூட்டு கொண்டுவாருங்கள், தடித்த வளையம் பல லாக்கர்களின் துளையில் நுழையாது. இங்கே குளிர்காலமான ஜூலை, ஆகஸ்டில் வந்தால் வெந்நீர் எதில் வருகிறது என்று கேளுங்கள். கூரைச் சூரிய ஹீட்டர் என்றால் மாலையிலேயே குளித்துவிடுங்கள், மறுநாள் காலை கடைசியாக எழுந்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

மதுரையிலிருந்து: மாலையில் விமானம் இறங்குகிறது. நேராகக் கிராண்ட் பே போகலாமா?

விமான நிலையம் தென்கிழக்கில், கிராண்ட் பே வடகோடியில். காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகலென்றால் பஸ்ஸில் போர்ட் லூயி விக்டோரியா நிலையம் வந்து, அங்கிருந்து இமிக்ரேஷன் ஸ்குவேர் பஸ் நிலையம் வரை நடந்து, கிராண்ட் பே எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம். பெரிய பெட்டிக்கு பஸ்ஸில் இடமில்லை என்பதை நினைவில் வையுங்கள். இருட்டிய பின் இறங்கினால் முதல் இரவை மாயேபூரில் கழியுங்கள். விமான நிலையத்துக்குப் பக்கம், அறையும் மலிவு. டாக்சிக் காசு மிஞ்சும்.

போர்ட் லூயியிலிருந்து: காவடி விரதத்தில் இருக்கும் என் மைத்துனர் நண்பர்களோடு அங்கே தங்க வருகிறார். பொதுச் சமையலறை ஒத்துவருமா?

ஒத்துவராது. பத்து நாள் விரதக்காரர், முந்தின இரவு கோழி வதக்கிய சட்டியில் சோறு வைக்க மாட்டார். தனி அடுப்புள்ள ஸ்டூடியோவே வழி. பாத்திரத்தை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள். கும்பிட, கிராண்ட் பேயிலேயே சூரிய உதய சங்கம் கோயில் இருக்கிறது. ஒன்று மட்டும்: ஜனவரி, பிப்ரவரி புயல் காலம். மூன்றாம் எண் எச்சரிக்கை வந்தால் பஸ் நின்றுவிடும், கிளப்பும் மூடும், அறைக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். இலவசமாக ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகப் போடுங்கள். ஒரு நாள் சாப்பாட்டுச் சாமானும் தண்ணீரும் அறையில் இருக்கட்டும்.

டர்பனிலிருந்து மறுபடியும்: சார்ஜரும் வேப்பும் (மின்சிகரெட்) கொண்டுவரலாமா?

உங்கள் ஊர்ப் பெரிய மூன்று உருண்டைக் கம்பி பிளக் இங்கே பொருந்தாது. பிரிட்டிஷ் சதுரக் கம்பி அல்லது ஐரோப்பிய இரண்டு கம்பி அடாப்டர் வாங்குங்கள். வேப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், இங்கே தடை. சிகரெட் சுருட்டும் தாளுக்கும் தடைதான்.