ஆன் டோவின் சிரிப்பு – கடிதம்

அன்புள்ள அண்ணா,

நான் சிட்னியில் இருக்கிறேன். 2012 கடைசியில் படகில் வந்தவன். இன்னமும் பிரிட்ஜிங் விசாதான், முடிவு வரும்வரை தங்க விடும் தற்காலிக அனுமதி. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆன் டோ என்ற பகிடிக்காரர் எழுதிய 'தி ஹேப்பியஸ்ட் ரெஃப்யூஜி' புத்தகத்தை வாசிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் எடுத்துப் பார்த்தேன். தலைப்பே பிடிக்கவில்லை. அகதியில் என்ன மகிழ்ச்சியான அகதி? வெள்ளைக்காரரைச் சந்தோஷப்படுத்த எழுதினது போலத்தான் பட்டது. பாதியில் வைத்துவிட்டேன். வேலைத்தலத்தில் ஒருவன், "அந்த ஆளைப் பார், எப்படி முன்னுக்கு வந்திருக்கிறான்" என்று எனக்கே புத்தி சொல்கிறான். நீங்கள் இவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? இன்னொன்று, சின்ன மகனும் இவருடைய 'வியர்டோ' வேணும் என்று அடம்பிடிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா?

க., சிட்னி

அன்புள்ள க.,

உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை அந்த மனிதர் மேல் காட்டுவதற்கு முன், நீங்கள் மூடி வைத்த பாதியையும் படித்துவிடுங்கள்.

1980-ல் ஆன் டோவின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வியட்நாமிலிருந்து கிளம்பிய ஒரு சின்ன மீன்பிடிப் படகு. நாற்பது பேருக்கு மேல் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். கடற்கொள்ளையர்கள் இரண்டு முறை வந்து இருப்பதையெல்லாம் பிடுங்கிக்கொள்கிறார்கள். போகும்போது அவர்களில் ஒருவன் மட்டும் ஒரு கேன் தண்ணீரைத் திரும்ப வீசிவிட்டுப் போகிறான். அந்தத் தண்ணீரால்தான் ஜெர்மன் கப்பல் ஒன்று கண்ணில் படும்வரை உயிர் தங்கியது. அப்புறம் மலேசியாவின் பூலாவ் பிடோங் தீவு முகாம், அங்கிருந்து சிட்னி.

இதில் எதுவும் ஆன் டோவுக்குச் சொந்த நினைவாக இருக்க முடியாது. அவர் பிறந்தது 1977-ல். இது அம்மாவும் அப்பாவும் மாமாக்களும் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லி உருண்டு திரண்ட கதை. அவருடைய தந்தை, கம்யூனிஸ்ட் அரசின் 'மறுகல்வி' என்ற பெயரிலான சிறைமுகாமில் அடைபட்டிருந்த மைத்துனர்களை மீட்க, கம்யூனிஸ்ட் அதிகாரி போல வேஷம் போட்டு, போலிக் காகிதத்தோடு நேராக உள்ளே போய் அழைத்து வந்தார் என்று ஒரு பகுதி வரும். பிசகியிருந்தால் எல்லாருக்கும் சாவுதான். ஆனால் வீட்டில் அதை எப்படிச் சொல்லியிருப்பார்கள்? அந்த அதிகாரியின் நடையை நடித்துக் காட்டி, கைகொட்டிச் சிரித்துத்தான். ஆன் டோவின் நகைச்சுவை இப்படிப்பட்ட வீட்டுத் திண்ணையில் உருவானது, வெள்ளைக்கார ரசிகர் எவரும் டிக்கெட் வாங்குவதற்கு ரொம்ப காலம் முன்பே. உங்கள் ஆட்களும் ஒன்றுகூடினால் பயங்கரமான விஷயங்களைப் பகிடியாகத்தானே கதைக்கிறீர்கள்? நான் கேட்டிருக்கிறேன்.

நன்றி சொல்லும் இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. வந்த புதிதில் செயின்ட் வின்சென்ட் டி பால் தொண்டு அமைப்பிலிருந்து கொடுத்த துணிமூட்டையில் பெண்குழந்தைத் துணிகள் இருந்துவிட, தம்பி குவா கொஞ்ச காலம் கவுன் போட்டுத் திரிந்த கதையைச் சொல்லி, கையோடு 'என்ன அருமையான நாடு' என்ற அப்பாவின் வியப்பையும் சொல்கிறார். உங்களுக்கு உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும். (அந்தத் தம்பிதான் பின்னால் சினிமா இயக்குநராகி, 2005-ல் 'யங் ஆஸ்திரேலியன் ஆஃப் தி இயர்' ஆனார்.)

ஆனால் புத்தகத்தின் உண்மையான சுமை படகில் இல்லை, அந்த அப்பாவிடம் இருக்கிறது. கடலில் எல்லாரையும் காப்பாற்றிய மனிதர் கரையில் உடைந்து போகிறார். வீட்டில் தையல் மெஷின் போட்டு ராத்திரி பகலாக உழைப்பு, தொழிலில் நஷ்டம், குடி, சண்டை. மகனுக்குப் பதின்மூன்று வயதாகும்போது வீட்டை விட்டுப் போய்விடுகிறார். ஹார்பர் பாலத்துக்குப் பக்கத்தில் வசதியான பிள்ளைகள் படிக்கும் சேசு சபைப் பள்ளியில், பாடப்புத்தகம் வாங்கக் காசில்லாத பையனாக ஆன் டோ மிஞ்சுகிறார். பல வருஷம் அப்பாவோடு பேச்சே இல்லை. இதையெல்லாம் வெள்ளைக்காரரைக் குளிர்விக்க ஒருவர் எழுதுவாரா? பிற்பாடு சமாதானமாகி, அதே அப்பாவை வரைந்த ஓவியம் 2014-ல் ஆர்ச்சிபால்ட் பரிசின், அதாவது ஆஸ்திரேலியாவின் பெயர்பெற்ற உருவப்பட ஓவியப் பரிசின், இறுதிச்சுற்றுக்கு வந்தது.

பிழைப்புக்கு அவர் படித்தது சட்டமும் வணிகமும். பெரிய கம்பெனி வேலை கையில் இருந்தது, வாரம் 60 மணி நேரம். ஒரு நகைச்சுவைக் கலைஞரிடம், "நீங்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்வீர்கள்?" என்று கேட்டாராம். "நாலு." அங்கேயே முடிவாகிவிட்டது. மேடை, டிவி, நடனப் போட்டி, பயண நிகழ்ச்சிகள் என்று போன மிச்சத்தை விட்டுவிடலாம். அவற்றில் பாதி சும்மா பொழுதுபோக்கு.

2016-ல் ஆஸ்திரேலியப் பொதுத் தொலைக்காட்சியான ஏபிசியில் தொடங்கிய 'ஆன்ஸ் பிரஷ் வித் ஃபேம்' வேறு ரகம். விருந்தாளி உட்கார்ந்திருப்பார், இவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரைவார், கடைசியில் படத்தைத் திருப்பிக் காட்டுவார். கண்ணைக் கண் பார்த்துக் கேள்வி கேட்பதை விட, கையில் தூரிகையோடு முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டால் மனிதர்கள் வேறு மாதிரி திறந்துகொள்கிறார்கள். ஜாக் சார்ல்ஸ் என்ற பழங்குடி நடிகர், குழந்தையிலேயே தாயிடமிருந்து அரசாங்கத்தால் பிரிக்கப்பட்டவர். அவரை ஆன் டோ வரைந்த படம் 2017-ல் ஆர்ச்சிபால்டில் மக்கள் தேர்வுப் பரிசு வாங்கியது. நாட்டுக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருப்பவர் என்று நீங்கள் நினைக்கும் ஆள், அந்த நாடு மிக மோசமாக நடத்திய ஒருவரின் முகத்தை எத்தனை கவனமாகப் பார்த்திருக்கிறார்!

சரி, உங்கள் வேலைத்தலத்து ஆளுக்கு வருவோம். ஆன் டோ குடும்பம் ஆஸ்திரேலியக் கரையில் படகில் வந்து இறங்கியதே இல்லை. மலேசிய முகாமில் ஏற்றுக்கொள்ளப்பட்டு விமானத்தில் வந்தவர்கள். 1976 ஏப்ரலில் ஐந்து பேரோடு முதல் வியட்நாமியப் படகு டார்வினுக்கு வந்தது. அடுத்த ஐந்தாறு வருஷத்தில் அப்படி நேராகப் படகில் வந்தவர்கள் சுமார் 2,000 பேர்தான். மற்றவர்களை அன்றைய பிரதமர் மால்கம் ஃப்ரேசரின் அரசு அதிகாரிகளை முகாம்களுக்கே அனுப்பித் தேர்ந்தெடுத்து அழைத்துக்கொண்டது. வந்த அன்றே வேலை செய்யலாம், பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். நாளைக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இல்லை.

உங்களுக்கு வாய்த்தது வேறு ஆஸ்திரேலியா. ஆன் டோவின் புத்தகம் வெளிவந்த 2010-ஆம் வருஷத் தேர்தலிலேயே 'படகுகளை நிறுத்து' என்பது ஓட்டு வாங்கும் கோஷம். 2011-ல் அதே புத்தகத்துக்கு அந்த நாட்டின் பதிப்புத்துறை 'வருடத்தின் சிறந்த புத்தகம்' விருது கொடுத்தது. படித்துக் கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேர் அந்தக் கோஷத்துக்கும் ஓட்டுப் போட்டார்களோ! 2013 ஜூலை 19-ல் அன்றைய பிரதமர் கெவின் ரட், இனி படகில் வருபவர் எவரும் ஆஸ்திரேலியாவில் குடியேற முடியாது என்றே அறிவித்துவிட்டார். குயின்ஸ்லாந்தின் பிலோயிலா ஊரிலிருந்து 2018-ல் நாடுகடத்துவதற்காக அதிகாரிகள் தூக்கிக்கொண்டு போன தமிழ் அகதிக் குடும்பம் அதே ஊருக்குத் திரும்ப 2022 ஆனது. ஊர்க்காரர்கள் விடாமல் போராடிய பிறகுதான். ஆகவே, "அவரைப் பார்" என்று சொல்பவரிடம் அவருக்குக் கிடைத்த விசாவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு குறை எனக்கும் உண்டு. புத்தகம் மேடைப் பேச்சின் வேகத்தில் ஓடுகிறது. மனது கனக்கிற இடத்தில் நாலு வரிகூட நிற்காமல் அடுத்த ஜோக்குக்குத் தாவிவிடுகிறார். மேடையில் இது எடுபடும், தாளில் சில இடங்களில் தப்பித்துக்கொள்வது போலிருக்கிறது. மகள் இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் ஈரானிலிருந்து வந்த குர்து அகதி பெஹ்ரூஸ் பூச்சானி எழுதியதையும் கொடுங்கள். படகில் வருபவர்களை ஆஸ்திரேலியா அடைத்துவைத்த, பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவில் இருந்தபடியே போனில் வாட்ஸ்அப் செய்திகளாக எழுதி அனுப்பிய புத்தகம். 2019-ல் அதற்கு விக்டோரிய இலக்கியப் பரிசு கிடைத்தபோது, வாங்கிக்கொள்ள அவரை நாட்டுக்குள் விடவில்லை.

சின்னவனுக்கு 'வியர்டோ' தாராளமாகக் கொடுக்கலாம். விசித்திரமான பெயரும் விசித்திரமான குடும்பமும் உள்ள ஒரு பையன் புதுப் பள்ளியில் படும் பாடு. பக்கத்துக்குப் பக்கம் படம், கூடவே அசட்டு ஜோக். ஆனால் கடையில் வாங்காதீர்கள். அது இருபதுக்கு மேல் நீளும் வரிசை, ஒன்றோடு விடமாட்டான். பக்கத்து லைப்ரரியில் ஒரு கார்டு போட்டுக் கொடுத்துவிடுங்கள்.